லயம் போச்சு, இனி வீடு எங்கே?

வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர்: இலங்கையின் ஊவா மாகாணத்தில் கிராம உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்ற நம் பத்தியாளர்

வழக்கமாக இந்தப் பக்கத்துக்குப் பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதி, எல்லைச் சண்டை என்று பலதும் வரும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையைக் கரைத்துவிட்டுப் போன பிறகு கடிதங்கள் எல்லாம் வீட்டைப் பற்றித்தான். தேயிலைத் தோட்டத்தில் நமக்கு வீடு என்றால் லயம், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்கள் (அறைகள்). ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெயர்களைச் சுருக்கிவிட்டேன், காரணம் உங்களுக்கே தெரியும்.

கேள்வி: எங்கள் லயத்தின் பின்பக்கக் காம்பராக்கள் மண்ணுக்குள் போய்விட்டன. எங்கள் காம்பரா நிற்கிறது, ஆனால் சுவர் மேலிருந்து கீழ் வரை பிளந்துவிட்டது. துப்புரவு செய்ய 25,000 ரூபாய் கிடைத்தது. வீட்டுக்கான 50 இலட்சத்தைப் பற்றிக் கேட்டால், "வீடு உங்களுடையது என்று உறுதிப் பத்திரம் கொண்டு வாங்க" என்கிறார்கள். அப்பப்பா காலத்திலிருந்து இருக்கிறோம். உறுதிக்கு நான் எங்கே போவேன்?
— ப.வ., பசறை

தங்கச்சி, உறுதி கேட்டவருக்கும் தெரியும், உங்களிடம் அது இருக்காது என்று. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. ஜனவசம என்ற அரசுச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றைப் பார்த்துக்கொண்டன. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. காணி அரசாங்கத்தினுடையது, குத்தகை கம்பனியினுடையது. லயம் யாருடையது என்று கேட்டால் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். மண்ணுக்குள் போன பெட்டியும் பாத்திரமும் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லாமல் உங்களுடையவை.

டிசம்பர் ஆரம்பத்தில் நாடாளுமன்றத்தில் அறிவித்தது இதுதான்: முற்றாக அழிந்த வீட்டைக் கட்ட 50 இலட்சம், கட்டுவதற்குக் காணி இல்லாதவருக்குக் காணிக்காக இன்னொரு 50 இலட்சம், பகுதி சேதத்துக்கு 25 இலட்சம் வரை, வீட்டுப் பொருட்களுக்கு 50,000. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முன்பு கொடுத்ததோடு பார்த்தால் பெரிய தொகைதான். ஆனால் "காணி இல்லாதவர்" என்று ஒரு வரி அதில் இருக்கிறது பாருங்கள், அதை விட்டுவிடாதீர்கள். காணி இல்லாதவர் என்று ஒரு வகை இருக்கும்போது, காணி உறுதி இல்லை என்பதையே காரணம் காட்டித் திருப்பி அனுப்புவது எப்படி? இதை வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். எழுத்தில், தமிழில், பிரதேச செயலாளருக்குக் கொடுங்கள். தமிழும் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது. பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.

நீங்கள் காட்ட வேண்டியது குடியிருப்பு. இத்தனை வருடம் அந்தக் காம்பராவில் இருந்தது யார் என்பதைக் காட்டினால் போதும். வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் இருக்கும். பிள்ளையின் பாடசாலை அனுமதிப் பதிவில் முகவரி இருக்கும். செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில்) பேர் இருக்கும், சேமலாப நிதி பி கார்டில் தோட்டத்தின் பெயர் இருக்கும். கரண்ட் பில் பல லயங்களில் வேறு ஆளின் பெயரில் வரும், அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். தோட்டத்து ஆபீஸில் லய நம்பர், காம்பரா நம்பர் போட்டு ஒரு கடிதம் கேளுங்கள். பெரிய கிளாக்கர் இழுத்தடித்தால் அதே கோரிக்கையைப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தரவில்லை என்பதும் ஒரு ஆதாரம்தான். சுவரில் தார் பூசி எழுதிய லய நம்பர் தெரியும்படி, வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க, ஒரு போட்டோ எடுங்கள்.

இனி அந்தச் சுவர். தயவுசெய்து இப்போதே பூசிவிடாதீர்கள். 25,000 கைக்கு வந்ததும் முதல் வேலையாகச் சீமெந்து வாங்கி வெடிப்பை அடைத்துவிடுகிறார்கள். இரவில் பிள்ளைகள் அதைப் பார்த்துப் பயப்படுகிறார்களாம். அது நியாயம்தான். ஆனால் சோதிக்க வருபவர் பார்ப்பது புதிதாகப் பூசிய சுவரை. "பகுதி சேதம், சிறிதளவு" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். வெடிப்பின் இரண்டு முனைகளிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் திகதி எழுதுங்கள். குறுக்கே ஒரு கடதாசித் துண்டை ஒட்டிவிடுங்கள். கடதாசி கிழிந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம், அப்புறம் அந்தக் காம்பராவில் ஒரு இரவும் தூங்க வேண்டாம்.

வீடு நிற்கிறதா இல்லையா என்பதைவிட மலை நிற்குமா என்பதுதான் பெரிய கேள்வி. அதைச் சொல்ல வேண்டியது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். 2016 இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்த பிறகு வந்த மீள்குடியேற்றத் திட்டத்தில், விழுந்த வீடுகளை மட்டும் பார்க்கவில்லை. விழக்கூடிய இடத்தில் நின்ற வீடுகளையும் சேர்த்தார்கள். ஆகவே உங்கள் காம்பரா நிற்பதால் உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். பிரதேச செயலகம் மூலம் அந்த நிறுவனத்தின் பரிசோதனையைக் கேளுங்கள், அறிக்கையின் பிரதியையும் கேளுங்கள். தர மறுத்தால் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லியாக வேண்டும்.

கேள்வி: காணி வாங்க 50 இலட்சம் என்கிறார்கள். ஐயா, தோட்டத்தைச் சுற்றி எங்கே காணி இருக்கிறது? ஒரு தரகர் வந்து, டவுனுக்குக் கீழே இடம் இருக்கிறது, முதலில் அட்வான்ஸ் கொடு என்கிறார். கொடுக்கலாமா?
— ச.ரா., அப்புத்தளை

கொடுக்காதீர்கள் தம்பி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எந்த இடமானாலும், அங்கே வீடு கட்டலாம் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எழுதிக் கொடுக்காமல் ஒரு ரூபாயும் கைமாற வேண்டாம். மலையில் மலிவாகக் கிடைக்கும் துண்டுக்கு ஒரு காரணம் இருக்கும். மேலே வெட்டிய மண்ணைக் கீழே தள்ளி மட்டமாக்கிய இடமாக இருக்கும், இல்லாவிட்டால் பழைய ஓடையை மூடிய இடமாக இருக்கும். தரகர் வெயில் நாளில்தான் கூட்டிக்கொண்டு போவார். நீங்கள் மழை நாளில் போய்ப் பாருங்கள்.

உங்கள் கேள்வி அதைவிடப் பெரியது. பக்கத்துக் கிராமத்தில் வீடு இழந்தவருக்கு அண்ணனின் தோட்டத்தில் ஒரு துண்டு கிடைக்கும், தெரிந்தவர் ஒருவர் விற்பார். அவருக்குக் காசைக் கொடுத்தால் வேலை நடக்கும். உங்களைச் சுற்றி இருப்பது தேயிலை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரே சொந்தக்காரர் அரசாங்கம், ஒரே குத்தகைக்காரர் கம்பனி. விற்க ஆள் இல்லாத சந்தையில் 50 இலட்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மலைநாட்டுத் தோட்டத்துக்குக் காசு முதல் தேவை இல்லை. குத்தகையிலிருந்து நிலத்தை விடுவிப்பதுதான் முதல் தேவை. அதை நீங்களோ நானோ செய்ய முடியாது. சொந்தக்காரரான அரசாங்கம்தான் செய்ய முடியும், செய்யவும் வேண்டும். கொழும்பில் இருப்பவர்களுக்கு இது புரியாமல் இல்லை. கம்பனியோடு பேச வேண்டும், அளக்க வேண்டும், பாதை, தண்ணீர், கரண்ட் கொண்டுவர வேண்டும். செக் எழுதுவது அதைவிடச் சுலபம்.

2016, 2017 இல் வீட்டுக்கு 12 இலட்சம், காணிக்கு 4 இலட்சம் என்று கொடுத்தபோதும் இதே கதைதான். காணி தேட முடிந்தவர் தேடிக்கொண்டு போனார். முடியாதவர் அதே சரிவில் இருந்தார்.

அதனால் நான் சொல்வது, ஆளுக்கொரு விண்ணப்பமாக ஓடாதீர்கள். ஒரு லயம், அல்லது ஒரு டிவிசன் சேர்ந்து ஒரே கோரிக்கையாகக் கொடுங்கள். தோட்டத்துக்குள் எந்த இடம் ஓரளவு மட்டம், எந்தத் துண்டில் கொழுந்தே எடுப்பதில்லை, எது பாதையோரம், எது பழைய விளையாட்டு மைதானம் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? இரண்டு மூன்று இடத்தைக் குறித்துக் கொடுத்து, "இவற்றைச் சோதித்துப் பாருங்கள்" என்று கேளுங்கள். காணி எங்கே இருக்கிறது என்று அவர்கள் உங்களிடம் கேட்பதற்கு முன் நீங்கள் காட்டிவிடுங்கள். எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 2015 க்குப் பிறகு வந்த தனி வீடுகளுக்கு 7 பேர்ச்சஸ் கொடுத்தார்கள். அதில் வீடு போக ஒரு மிளகாய்ச் செடி வைக்க இடம் மிஞ்சினால் பெரிய விஷயம். பிள்ளை கல்யாணம் முடித்தால் அவன் திரும்பவும் லயத்துக்குத்தான்.

வடக்குக்கு வாருங்கள், காணி தருகிறோம் என்ற பேச்சும் எழுந்தது. அன்பாகச் சொன்னவர்களுக்கு நன்றி. விருப்பமானவர் போகட்டும். ஆனால் இங்கே காணி கேட்பவருக்கு அதைப் பதிலாகக் காட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: நாங்கள் இன்னும் பாடசாலையில்தான் இருக்கிறோம். அடுத்து ஒரு பழைய ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) மாற்றப் போகிறார்களாம். போகலாமா? வாடகைக்கு வீடு எடுத்தால் மாதம் 25,000 தருகிறார்களாமே?
— "முகாமில் ஒருத்தி", ஹாலிஎல பக்கம்

வாடகைக் காசு நல்ல ஏற்பாடுதான், வாடகைக்கு வீடு இருக்கும் ஊரில். தோட்டத்தில் யார் வீடு வாடகைக்கு விடுகிறார்? டவுனில் அறை எடுத்தால் காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு) எப்படி வருவது, பிள்ளையை எந்தப் பாடசாலையில் விடுவது? பஸ் காசே பாதிச் சம்பளத்தைத் தின்னும். சொந்தக்காரரின் காம்பராவில் ஒதுங்குகிறவர்கள், அவருக்கே அந்தக் காசைக் கொடுக்க வழி உண்டா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பழைய ஸ்டோர் என்றதும் எனக்கு மீரியபெத்தைதான் நினைவுக்கு வருகிறது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தைப் பக்கத்து அந்தத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் பிறகு 2011 இலும் எச்சரிக்கை சொல்லப்பட்டிருந்தது. போவதற்கு வேறு இடம் தராமல் எச்சரிக்கை மட்டும் தந்தால் ஜனங்கள் எங்கே போவார்கள்? உயிர் தப்பியவர்கள் முதலில் பாடசாலையில் இருந்தார்கள், பிறகு மூடிக்கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையில். மாகல்தெனியவில் 75 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டது 2016 இல். இரண்டு வருடம்! 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்தபோதும் குடும்பங்கள் போய்ச் சேர்ந்தது ஒரு பழைய தொழிற்சாலைக்குத்தான்.

அப்படி ஒரு ஸ்டோரில் குடும்பங்கள் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். கொழுந்து வாட்டும் மாடி. நீளமான ஒரே மண்டபம், சுவர் இல்லை. சாரிகளையும் உரச் சாக்குகளையும் கயிற்றில் போட்டுப் பிரித்திருந்தார்கள். கொழுந்துக்காகக் கட்டிய மாடி என்பதால் நான்கு பக்கமும் ஜன்னல், காற்று நேராக உள்ளே வரும். பலகையின் இடுக்கில் பழைய தேயிலைத் தூள். கூட்டக் கூட்ட வரும், பிள்ளைகளுக்கு இருமல் நிற்காது. ஒரு பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்கு மாடிப்படியில் உட்கார்ந்து படித்தது, வெளிச்சமான இடம் அது ஒன்றுதான். வயதுக்கு வந்த பிள்ளையை வைத்திருந்த தாய் இரவெல்லாம் உட்கார்ந்தே இருப்பாராம். கழிப்பறை வெளியே, பள்ளத்தில்.

சரி, போகலாமா என்கிறீர்கள். பாடசாலையை நிரந்தரமாகப் பிடித்து வைக்க முடியாது, அதில் படிப்பதும் உங்கள் பிள்ளைகள்தான். போங்கள். ஆனால் போவதற்கு முன் மூன்று காரியம் கேளுங்கள்: குடும்பத்துக்கொரு பலகைத் தடுப்பு, கட்டிடத்துக்குப் பக்கத்திலேயே பெண்களுக்கான கழிப்பறை, எத்தனை மாதத்துக்கு என்று பிரதேச செயலாளரின் கையெழுத்தில் ஒரு கடிதம். மூன்றாவதுதான் கிடைக்கக் கஷ்டம், அதனால்தான் அதை அழுத்திக் கேட்க வேண்டும். திகதி போடாத தற்காலிகத்தை மலைநாட்டில் நாம் நன்றாக அறிவோம். லயமே தற்காலிகமாகக் கட்டியதுதான்.

கேள்வி: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை போனில் வருகிறது. எதற்கு ஓட வேண்டும்? ஒவ்வொரு முறையும் ஓடினால் பேர் (அன்றைய நாள் சம்பளம்) போகிறதே.
— மு.கு., வெலிமடை

மஞ்சள் என்றால் விழிப்பாக இரு. செம்மஞ்சள் என்றால் பையைக் கட்டி வை. சிவப்பு என்றால் போய்விடு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை முதல் கட்டம், 100 இரண்டாவது, 150 மூன்றாவது. ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலும் நேரே மூன்றாவதுதான். போன் சிக்னல் போய்விடும், அதனால் கண்ணையும் நம்புங்கள். நன்றாக மூடிய கதவு திடீரென்று இறுகினால், ஊற்றுத் தண்ணீர் கலங்கினால் அல்லது சட்டென்று நின்றால், சவுக்கு மரம் சாய்ந்தால், எந்த நிறத்துக்கும் காத்திருக்காதீர்கள். இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

பேர் போகும் என்பது உண்மையான பிரச்சினை. சிவப்பு அறிவித்த நாளுக்கு வெட்டிய பேரைத் திரும்பக் கேட்டு, தொழிற்சங்கத் தலைவர் மூலம் தோட்ட நிர்வாகத்துக்கு எழுதுங்கள். எந்தச் சங்கமானாலும் சரி, இந்த ஒரு விஷயத்துக்காவது எல்லாத் தலைவரும் ஒன்றாக உட்காரலாமே.

கான்களையும் (மழைத் தண்ணீர் வாய்க்கால்களையும்) பாருங்கள். முன்பெல்லாம் மலை முழுக்கக் கான் வெட்டி, வருடா வருடம் மண் அள்ளுவார்கள். மழைத் தண்ணீர் ஓடிப் போகும். இப்போது பல இடங்களில் கான் தூர்ந்து புல் முளைத்துக் கிடக்கிறது, தண்ணீர் அப்படியே மலைக்குள் இறங்குகிறது. புயலைத் தடுக்க முடியாது, கானைத் தோண்டலாம்.

கேள்வி: இந்திய வீடு எங்களுக்கு வருமா?
— பலர்

இந்திய அரசின் உதவியில் கட்டும் இந்த வீடுகள் புயலுக்காக வந்த திட்டம் இல்லை. மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள், பிறகு 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி அறிவித்த 10,000 வீடுகள். அதன் பட்டியல் வேறு, நட்டஈட்டுப் பட்டியல் வேறு. ஒன்றில் பேர் இருக்கிறது என்பதற்காக மற்றதை எழுதாமல் விடாதீர்கள். பட்டியலில் பேர் போட்டுத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால், போனில் பதிவு செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் குடிக்கிறவர். புது வீடு அவர் பெயரில் வந்தால் விற்றுவிடுவார் என்று பயமாக இருக்கிறது. "குடும்பத் தலைவர்" என்று அவர் பெயரைத்தான் எழுதிக்கொண்டு போனார்கள்.
— பெயர் வேண்டாம், நானுஓயா

பெயர் போடவில்லை, அக்கா. கடிதத்தையும் கிழித்துவிட்டேன்.

கொழுந்து எடுப்பது நீங்கள், செக்ரோலில் பேர் உங்களுடையது, படிவத்தில் மட்டும் அவர் தலைவர். அரசு கொடுக்கும் குடியேற்றக் காணிகளில் மூத்த ஆண் பிள்ளைக்கு முதலிடம் என்று இருந்ததை 2022 இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தைத் திருத்தி எடுத்துவிட்டார்கள். உங்கள் காணி அந்தச் சட்டத்தின் கீழ் வராமல் போகலாம். ஆனாலும் பேசும்போது அதைச் சொல்லுங்கள், சட்டமே அந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று.

பட்டியல் இன்னும் முடிந்துவிடவில்லை. கிராம உத்தியோகத்தரிடமும் அனர்த்த நிவாரண சேவை உத்தியோகத்தரிடமும் போய், கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டு உரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார், முதலில் அவரிடம் பேசுங்கள். படிவத்தில் ஒரு பெயருக்குத்தான் கட்டம் இருக்கிறது என்று சொன்னால், கட்டத்துக்குப் பக்கத்தில் உங்கள் முழுப் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதி, கீழே நீங்களும் கையெழுத்து வையுங்கள். பேனாவால் எழுதுங்கள், பென்சிலால் வேண்டாம்.